நாகலக்ஷ்மி மாமி விட்டுவிட்ட பாடம்

எங்கள் வகுப்பில் நாகலக்ஷ்மி மாமியைப் போல நன்றாகப் படித்தவர் யாருமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக் கொடுத்ததை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நாயும் அவருமாகக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து நிற்பார்கள். நான் அப்படியில்லை, என் நாயும் அப்படியில்லை. மாமியும் எங்களைப் போல மக்காக இருந்து தொலைத்திருக்கலாமே என்று இப்போது நினைத்தால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார்மேல் கோபம் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

நாய்க்கு வகுப்பா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தவள்தான். என் மகள் ஒரு லாப்ரடார் குட்டியை வாங்கி, போண்டா என்று பெயரும் வைத்து, அது சோபாவின் ஒரு கையைத் தின்று முடித்த சமயத்தில் புனேயில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டாள். கல்கத்தா பவானிபூர் வீட்டில் நானும் போண்டாவும் மிச்சம். நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அதிகாரி. நான் முறைத்தால் ஒரு ஹாலே பேச்சை நிறுத்தும். போண்டா என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. தெருவில் அது என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் மிட்டாய்க் கடைக்காரர், "தீதி, இன்னிக்கு உங்களை எங்கே கூட்டிட்டுப் போகுது?" என்று விசாரிப்பார். அந்த ஆத்திரத்தில்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பு பெஹாலாவில், ஒரு தெருக் கிளப்பின் மைதானத்தில். சொல்லிக் கொடுப்பவள் ஸ்னேகா என்ற வங்காளிப் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இடுப்பில் ஒரு பை, அதில் வேகவைத்த ஈரல் துண்டுகள். முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள். அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது, கயிற்றைச் சுண்டி இழுக்கக் கூடாது. நாய் சரியாக ஒன்றைச் செய்கிற அந்த நொடியில் ஒரு சின்னச் சத்தம் கொடுத்து, உடனே ஒரு துண்டு வாயில் போட வேண்டும். தப்பாகச் செய்தால் ஒன்றும் கிடையாது, அவ்வளவுதான். "நீங்க எதுக்குக் கொடுக்கறீங்களோ அது வளரும். அதனால என்னத்துக்குக் கொடுக்கறோம்னு பார்த்துக் கொடுங்க" என்று அவள் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போண்டா அவள் பையைக் கவ்வி இழுத்துவிட்டது. ஈரல் துண்டுகள் புல்லில் கொட்டின. ஆறு நாய்களும் பாய்ந்தன.

இல்லை, ஐந்துதான் பாய்ந்தன. ஒரு ஓரத்தில், தேநீர் நிறத்தில் ஒல்லியான ஒரு தெருநாய், ஒரு காது மடங்கி, ஒரு மாமியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. மாமி தாத் கைத்தறிப் புடவையும் கான்வாஸ் ஷூவும் போட்டிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கலாம். தன் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து எதையோ எடுத்து அதன் வாயில் போட்டு, "பேஷ்! மேனேஜர், பேஷ்!" என்றார்.

கல்கத்தாவில் நாய் வகுப்பில் 'பேஷ்' கேட்டால் எப்படி இருக்கும்? நான் நேரே போய், "மாமி, அது என்ன டப்பாவுல?" என்று தமிழில் கேட்டேன்.

"இட்லி. நெய்யில வாட்டி, பொடிசா நறுக்கிண்டு வந்திருக்கேன். அந்த ஈரலையெல்லாம் நான் தொடமாட்டேன்டீம்மா. இதுக்கு இட்லின்னா பிராணன்."

"பேரு மேனேஜரா?"

"எங்காத்துக்காரர் வெச்ச பேர். பேங்க்ல ஹெட் கேஷியரா இருந்தார். ஆயுசு பூரா மேனேஜர்களுக்கு எழுந்து நின்னு குட்மார்னிங் சொன்னவர். ரிட்டயரான மறுவாரம் இது லேக் பக்கத்துலேந்து அவர் பின்னாடியே வந்துடுத்து. 'மேனேஜர், உக்காரு! மேனேஜர், வெளில போய் நில்லு!'ன்னு சொல்லிச் சொல்லி சிரிப்பார். அவர் சொன்னா அது உக்காராது, அது வேற விஷயம்."

அன்றிலிருந்து மாமியை நான்தான் காரில் கூட்டிப் போய்க் கூட்டி வந்தேன். மெட்ரோவில் நாயை விடமாட்டார்கள். ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்தால் பார்க்காத மாதிரி போவார்கள். லேக் மார்க்கெட் பூக்கடைகளுக்குப் பக்கத்துச் சந்தில் அவர் நிற்பார். பின்சீட்டில் போண்டா மேனேஜரின் மடங்கின காதை நக்கிக்கொண்டே வரும், மேனேஜர் அதைச் சகித்துக்கொண்டு வரும். முன்சீட்டில் மாமி பேசிக்கொண்டு வருவார்.

பேச்சில் மாமியை மிஞ்ச ஆளில்லை. பிறந்து வளர்ந்தது, படித்தது, கல்யாணம் ஆனது எல்லாம் ராஷ்பிஹாரி அவென்யூவைச் சுற்றி ஒரு கூப்பிடு தூரத்துக்குள். வங்காளி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மீன்காரனோடு விலை பேசும் வங்காளிப் பெண்களுக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, இது பழைய மீன் என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். டல்ஹவுசியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். "ரெண்டாவது மணி முடியறதுக்குள்ள எடுத்துடுவேன் மகேஸ்வரி. லண்டன்லேந்து கூப்பிட்ட துரை ஒருத்தன், 'மேடம், நீங்க தூங்கவே மாட்டேளா?'ன்னு கேட்டான்" என்று சொல்லிவிட்டு, அந்தத் துரையின் குரலிலேயே மறுபடி ஒருமுறை சொல்லிக் காட்டுவார். அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அதையும் ஒரு தகவலாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

மாமா பெயர் வெங்கடநாராயணன். அவரும் வாயாடிதான். ஆனால் நான் மாமியைப் பார்ப்பதற்கு முந்தின வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. காலையில் ஒரு ஆயா வந்து குளிப்பாட்டிவிட்டு மதியம் போய்விடுவாள்; ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நேரத்தில் அவள்தான் அவருக்குத் துணை. மற்ற நேரமெல்லாம் மாமியும் மேனேஜரும்தான்.

"என்னைக் கூப்பிடணும்னாக்கூட அவருக்கு முடியலை. 'மே... மே...'ங்கறார். அது ஒண்ணுதான் வாய்ல நிக்கறது. இது ஓடிப்போய் அவர் கைக்கு அடியில தலையைக் குடுத்துண்டு நிக்கும். அந்த வேளையில அவர் மூஞ்சியப் பார்க்கணுமே நீ."

அப்படியிருக்க ஏன் வகுப்புக்கு வந்தார்? மேனேஜர் குரைத்தது. அதுதான் வினை. காலிங் பெல்லுக்குக் குரைத்தது, லிஃப்ட் சத்தத்துக்குக் குரைத்தது, பக்கத்து மாடியில் காக்காய் உட்கார்ந்தால் குரைத்தது. மாமா கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தாலும் குரைத்தது. மாமி அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார். ஆனால் கீழ்வீட்டு நிகில் பாபு மத்தியானம் தூங்குகிற மனுஷர். அவர் ஃப்ளாட் கமிட்டியில் சொல்ல, கமிட்டி கூடிப் பேசி, துர்கா பூஜோவுக்குள் நாயின் சத்தம் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் நாய் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்மானம் செய்துவிட்டது.

எனக்கு இரத்தம் கொதித்தது. "மாமி, அப்படியெல்லாம் அவங்க சொல்ல முடியாது. சட்டத்துல இடம் கிடையாது. நான் எழுதித் தரேன், ஒரு நோட்டீஸ் விடுங்க" என்றேன்.

"சட்டம் கோர்ட்ல இருக்கு மகேஸ்வரி. நான் அவாளோட ஒரே லிஃப்ட்ல போகணும்" என்றார் மாமி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அதை அனுப்பிச்சா அவர் போயிடுவார். எனக்குத் தெரியும். அதனால எப்படியாவது இது வாயை மூடணும்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கும் அது என் வீட்டுக் காரியம் மாதிரி ஆகிவிட்டது. போண்டா உட்காருகிறதோ இல்லையோ, மேனேஜர் பாஸாக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஸ்னேகா, "இன்னிக்குக் குரைக்கக் கத்துக்கொடுக்கப் போறோம்" என்றாள். குரைக்கவா என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவள் விளக்கினாள். சும்மா இரு என்று கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் பேசு என்று கற்றுக்கொடுக்க வேண்டும். குரைப்பதற்கு ஒரு வார்த்தை, நிறுத்துவதற்கு ஒரு வார்த்தை. இரண்டுக்கும் துண்டு கிடைக்கும் என்று தெரிந்த நாய்தான் இரண்டையும் வைத்துக்கொள்ளும். "முதல் பாதியை விட்டுட்டு ரெண்டாவது பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்தா, குரைக்கறதே தப்புன்னு அது நினைச்சுக்கும்" என்றாள். நாய் தானாகக் குரைக்காவிட்டால் நாம்தான் முதலில் குரைத்துக் காட்ட வேண்டுமாம்.

அந்தக் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹோமியோபதி டாக்டர் ஒருவரும் அவர் மனைவியும் புல்லில் மண்டியிட்டு ஒரு பொமரேனியனைப் பார்த்துக் குரைத்தார்கள். நான் போண்டாவைப் பார்த்துக் குரைத்தேன். ஆபீஸில் யாராவது பார்த்திருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும். போண்டா கொட்டாவி விட்டது. மைதானத்து வேலிக்கு வெளியே டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மாமி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"மாஷிமா, நீங்களும்" என்றாள் ஸ்னேகா. வங்காளிகளுக்குச் சித்தி, பெரியம்மா எல்லாம் மாஷிமாதான்.

"ஐயோ, எனக்கு வராதும்மா. வெக்கமா இருக்கு."

"வீட்ல போயாவது செய்யுங்க. இதை மட்டும் விடாதீங்க."

மாமி தலையை ஆட்டினார். திரும்பும்போது காரில் சொன்னார்: "ஆத்துல போய்க் குரைக்க வெச்சுப் பழக்கணுமாம். நன்னாயிருக்கு! நான் சொல்லிக் குரைச்சுதுன்னு தெரிஞ்சா நிகில் பாபு என்னையும் சேர்த்து வெளில அனுப்பிடுவார். எங்க மேனேஜருக்குக் குரைக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். நிறுத்தத்தானே வந்தேன். நீ ஓட்டு."

நான் ஓட்டினேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கீழே காதைத் தீட்டிக்கொண்டு ஒருவர் படுத்திருக்கும்போது மேலே நாய்க்குக் குரைப்புப் பாடம் எடுக்க யாரால் முடியும்?

ஆக, மாமி இரண்டாவது பாதியை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டால் மாமி அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஆயாவை வெளியே நிறுத்திப் பெல் அடிக்கச் சொல்வார். மேனேஜர் குரைக்கும். குரைக்கிற நாயும் ஒரு இடத்தில் மூச்சு வாங்கித்தானே ஆக வேண்டும்? அந்த இடைவெளியில் "பேஷ்!", ஒரு இட்லித் துண்டு. மறுபடி பெல். நாளாக ஆக இடைவெளி நீண்டது. ஸ்னேகாவே, "டைமிங் இப்படித்தான் இருக்கணும், மாஷிமாவைப் பாருங்க" என்று எங்களுக்குக் காட்டினாள். முப்பது வருஷம் மணிச் சத்தத்தோடு வாழ்ந்தவருக்கு அது வராதா என்ன?

பூஜோ அஷ்டமி அன்று மத்தியானம் மாமி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். தெருமுனைப் பந்தலில் டாக் மேளம் காதைப் பிளந்தது. நான் பெல்லை அடித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு சத்தமில்லை. கதவு திறந்தது. மாமிக்குப் பின்னால் மேனேஜர் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினேன்.

மாமா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் கண்ணில் குறும்பு அப்படியே இருந்தது. இடது கையை மேனேஜர் தலையில் வைத்து, "மே..." என்று எனக்கு அறிமுகப்படுத்தினார். நான், "குட்மார்னிங் சார்" என்று நாய்க்கு ஒரு சல்யூட் அடித்தேன். அவர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு.

நாங்கள் சமையலறையில் இருந்தோம். மாமி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். நான் கதவுப் பக்கம் பார்த்தால், மேனேஜர் வாசற்படியில் வந்து நிற்கிறது. வாயைத் திறக்கவில்லை. மாமியையே பார்த்தது.

"பாத்தியா? அவர் எழுந்துக்கப் பார்க்கறார்னு அர்த்தம். முன்னே இதுக்குத்தான் ஊரைக் கூட்டும். இப்போ வந்து நிக்கறது, அவ்வளவுதான்" என்றார் மாமி. "பேஷ்டா கண்ணா!" என்று டப்பாவிலிருந்து ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போய் மாமாவைத் தாங்கிப் பிடித்தார்.

அன்று சாயங்காலம் நிகில் பாபுவே ஒரு பெட்டி சந்தேஷ் மிட்டாயோடு மேலே வந்தார். "போவ்தி, ஜென்டில்மேன் ஆயிட்டான் உங்க பையன்" என்று மாமியை அண்ணி முறையில் கூப்பிட்டுச் சொல்லி, மேனேஜரைத் தட்டிக்கொடுத்தார். கமிட்டி தீர்மானத்தை வாபஸ் வாங்கிவிட்டது. மாமியின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். மிச்சமிருந்த பாயசம், சந்தேஷ் எல்லாவற்றையும் என் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷியை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

தீபாவளியோடு காளி பூஜை வந்தது. அத்தனை பட்டாசுக்கும் மேனேஜர் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்ததாம், குரைக்கவில்லையாம். மாமி போனில் பெருமையாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு, குளிர் லேசாக ஆரம்பித்த ஒரு வேலை நாளில், மத்தியானம் ஆபீஸில் இருக்கும்போது மாமியின் போன் வந்தது. "மகேஸ்வரி, வேலையா இருக்கியா? முடிஞ்சா கொஞ்சம் வரயா?" என்றார். குரலில் ஒரு நடுக்கமில்லை. டல்ஹவுசி கம்பெனியில் லைன் போட்டுக் கொடுக்கிற குரல். அதனால்தான் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டாக்ஸி பிடித்து ஓடினேன்.

மாமாவைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் ஒரு காயம், துடைத்துவிட்டிருந்தார்கள். எதிர்ஃப்ளாட் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். எல்லாம் முடிந்திருந்தது.

மாமி தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். யாரிடமாவது வரிசையாகச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பது போலச் சொன்னார். ஆயா போன பிறகு மாமா தூங்கிவிட்டார். இட்லி அரிசி தீர்ந்திருந்தது. மார்க்கெட் கீழேதானே இருக்கிறது என்று மாமி பையை எடுத்துக்கொண்டு போனார். கடையில் கூட்டம். ஒரு தெரிந்த மாமி பிடித்துக்கொண்டு பேசினாள். திரும்பி வந்து கதவைத் திறந்தால், மேனேஜர் ஓடி வரவில்லை. சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே யாருமில்லாத சமையலறையைப் பார்த்தபடி நின்றது. மாமி வந்த சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது.

"எத்தனை நாழியா நின்னுதோ தெரியலை மகேஸ்வரி. என்னைக் கூப்பிட வந்திருக்கு. நான் இல்லை. நான் வருவேன்னு அங்கேயே நின்னிருக்கு. சமத்தா, வாயைத் திறக்காம." மாமி என் பக்கம் திரும்பினார். "நான் என்ன பண்ணினேன் தெரியுமா? பையைக் கீழே வெச்சேன். பேஷ்னு சொன்னேன். டப்பாவைத் திறந்து ஒரு துண்டு போட்டேன். அதுக்கப்புறம்தான் ரூமுக்குப் போனேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதட்டியே காரியம் சாதித்த எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, அன்றும் தெரியவில்லை. அழுதேன், அவ்வளவுதான். மாமி அழவில்லை.

நிகில் பாபு கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாவம், அவரும் வயசானவர். "தொப்புனு சத்தம் கேட்டுது போவ்தி. நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்" என்றார் வங்காளியில். "நாய் குரைக்கும்னு பார்த்தேன். குரைக்கலை. அப்ப ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுட்டேன். குரைச்சிருந்தா ஓடி வந்திருப்பேன்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் மனசு தாங்காமல்தான் சொன்னார். ஆனாலும் அவரைப் பிடித்துப் படியில் தள்ளிவிடலாமா என்று எனக்கு இருந்தது. மாமி அவரை நிமிர்ந்து பார்த்து, "ஆமாம், குரைக்கலை" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு பக்கவாதமாக இருக்கலாம், உடனே பார்த்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். நானும் அதையே பத்து விதமாக மாமியிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்றையும் காதில் வாங்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

காரியங்கள் முடிந்த பிறகு அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். மாமி பேச்சைக் குறைத்துக்கொண்டார். துரையின் குரல், மீன் கதை எல்லாம் எங்கே போயினவோ. நாற்காலி ஜன்னலோரமே இருந்தது. மேனேஜர் அதன் காலடியில் படுத்திருக்கும். பெல் அடித்தால் எழுந்து மாமியைப் பார்க்கும். லிஃப்ட் சத்தம் கேட்டால் மாமியைப் பார்க்கும். அது பார்க்கும்போதெல்லாம் மாமி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள், "இதுக்கு இப்போ இட்லி போடறதில்லை. சாதம்தான்" என்றார். பிறகு, "அவர் வாய் தானா போச்சு. இதோட வாயை நான் பறிச்சேன்" என்றார். அப்படிச் சொல்லாதீர்கள் என்று நான் அதட்டினேன். அதட்டத்தானே எனக்குத் தெரியும்.

மாசி மாதம் ஸ்னேகா புதிய வகுப்பு ஆரம்பித்தாள். போண்டா பழைய வகுப்பில் தேறவில்லை என்பதால் நாங்கள் மறுபடி முதலிலிருந்து. மாமியிடம் சும்மா ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன், வருவார் என்று நினைக்கவில்லை. "அந்தக் குரைக்கற பாடம் என்னிக்கு?" என்று கேட்டார். மூன்றாவது வாரம் என்றேன். மூன்றாவது வாரம் சந்துமுனையில், பூக்கடைப் பக்கத்தில், அதே கான்வாஸ் ஷூவோடு நின்றுகொண்டிருந்தார். கையில் எவர்சில்வர் டப்பா. பின்சீட்டில் போண்டா காதை நக்க, மேனேஜர் சகித்துக்கொண்டு வந்தது.

மைதானத்தில் எல்லோரும் புதுமுகங்கள். ஸ்னேகாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன். அவள் ஓடி வந்து மாமியைக் கட்டிக்கொண்டாள். மாமி அவளை மெதுவாக விலக்கினார்.

"அன்னிக்கு விட்டுட்டேன். இன்னிக்குச் சொல்லிக்கொடு" என்றார்.

"மாஷிமா, இவ்வளவு நாள் கழிச்சு... கஷ்டம். மெதுவாத்தான் வரும். வராமலும் போகலாம்."

"சொல்லிக்கொடு."

ஸ்னேகா பாடத்தை ஆரம்பித்தாள். புதியவர்கள் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே தங்கள் நாய்களைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தார்கள். வேலிக்கு வெளியே டீக்கடைக்காரர்கள் வழக்கம்போலத் திரும்பினார்கள்.

மாமி புல்லில் மண்டியிட்டார். முழங்கால் வலி உள்ளவர், என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். மேனேஜர் அவர் எதிரில் சமத்தாக உட்கார்ந்து, மடங்கின காதும் நிமிர்ந்த காதுமாக அவர் முகத்தைப் பார்த்தது. மாமி அதை உற்றுப் பார்த்தார். பிறகு குரைத்தார்.

முதலில் சத்தம் எழும்பவில்லை. மறுபடி குரைத்தார். இந்த முறை மைதானம் முழுக்கக் கேட்டது. புதியவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு அறுபத்தைந்து வயது மாமி, புடவைத் தலைப்பு புல்லில் கிடக்க, கண்ணிலிருந்து நீர் கொட்டக் கொட்ட ஒரு தெருநாயைப் பார்த்துக் குரைப்பதை யார் பார்த்துச் சிரிப்பார்கள்? அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. வாலை ஒருமுறை ஆட்டியது. டப்பாவைப் பார்த்தது, மாமியைப் பார்த்தது. நான் சரியாகத்தானே செய்கிறேன், இன்னும் ஏன் பேஷ் சொல்லவில்லை என்று கேட்பது போல இருந்தது. மாமியின் விரல்களுக்குள் இட்லித் துண்டு நசுங்கிக்கொண்டிருந்தது. கொடுக்கவில்லை.

சொன்ன பேச்சை ஒருநாளும் கேட்காத என் போண்டா, அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரை குரைத்தது. ஸ்னேகா நம்பிக்கையோடு நிமிர்ந்தாள். மேனேஜர் போண்டாவைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மறுபடி மாமியின் பக்கம் திரும்பி, இன்னும் நிமிர்ந்து, இன்னும் அமைதியாக உட்கார்ந்தது.

"மாமி, போதும். அடுத்த வாரம் வருவோம், எழுந்திருங்க" என்றேன்.

அவர் என் கையைத் தட்டிவிட்டு, இரண்டு கையையும் புல்லில் ஊன்றிக்கொண்டு, மறுபடியும் குரைத்தார்.